இரண்டாம் வேற்றுமை

“உனக்கு எத்தினை சகோதரம் எண்டுதானே அவ கேட்டவ? நீ ஒண்டெண்டு சொன்னனி.”

அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. நீத்துப்பெட்டியிலிருந்து புட்டைக் கவிழ்த்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். 2024 ஆடி மாதம், இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். ஸ்பானிஷ் வகுப்பை முடித்து மடிக்கணினியை மூடிவிட்டு அப்போதுதான் குசினிக்குள் வந்திருந்தேன். அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. ஆனால் முதல் வாரம் முழுக்க நான் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கேட்டுக் கேட்டு அவருக்கும் பாடமாகிவிட்டது. அரிசி அளக்கும்போது சுண்டைத் தட்டித் தட்டி “ஊனோ, தோஸ், த்ரேஸ்” என்று எண்ணுவார். ‘எர்மானா’ என்றால் சகோதரி, ‘எர்மானோ’ என்றால் சகோதரன் என்பதை அன்று பின்னேரம்தான் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் “தெங்கோ உனா எர்மானா” என்று என் குரல் கேட்டபோது, ஒரு சகோதரி இருப்பதாக நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லாததும் விளங்கிவிட்டது.

எனக்கு ஒரு அக்கா, ஒரு அண்ணா.

அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். வெளியே சோளகக் காற்று தகரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வசனம் அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறது. வகுப்பு முடிந்து எவ்வளவோ நாளாகியும், ஸ்பானிஷில் பாதி மறந்துபோயும், ‘ஒண்டெண்டு சொன்னனி’ மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சியில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் எதற்கு என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அக்கா ரொறன்ரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். அவரோடு வேலை செய்பவர்களில் பலர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அங்கே ஒரு கல்லூரி கோடைகாலத்தில் இணையவழியில் தொடக்கநிலை ஸ்பானிஷை எட்டு வாரத்தில் சொல்லிக்கொடுக்கிறது என்று அறிந்து, தனக்கும் எனக்குமாகச் சேர்த்துக் காசு கட்டிவிட்டார். சின்ன வயதில் ஒரே குப்பி விளக்கில் முகம் சுடச் சுடப் படித்ததுபோல இன்னொருக்கா சேர்ந்து படிப்போம் என்றார். எனக்கு அது போதும். திங்கள் முதல் வெள்ளி வரை, அங்கே காலை 9 மணி, இங்கே மாலை 6:30. மூன்று மணித்தியாலம். எட்டு வாரத்தில் மொத்தம் 120 மணித்தியாலம். இரண்டாவது வாரமே அக்காவின் வேலை நேரம் மாறியது, அவர் நின்றுவிட்டார். கட்டிய காசு வீணாகக் கூடாது என்று நான் தொடர்ந்தேன். கொஞ்ச நாளில் அந்தக் காரணமும் தேவைப்படவில்லை, மொழி பிடித்துப்போய்விட்டது.

இப்படியான வகுப்பில் ஒரு நாள் தவறவிட்டால் ஒரு வாரம் தவறவிட்டது மாதிரி. வீட்டுப்பாடத்தைக் காலையில் முடித்தாக வேண்டும். பின்னேரம் கிளிநொச்சி நகரத்தில் ரியூசனில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், ஸ்கூட்டியில் போய் வரும் வழியெல்லாம் வினைச்சொல் விகுதிகளைச் சொல்லிக்கொண்டே போவேன். ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால்தான் சிக்னல் நிற்கும். சிறுபோக வெட்டுத் தொடங்கிய பிறகு, வயலில் இரவிரவாக மெசின் ஓடுகிற சத்தத்துக்காக மைக்கை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டியிருந்தது. எங்கள் ஆசிரியை மெக்சிக்கோக்காரர். அவரை எல்லோரும் ‘ப்ரோஃபே’ என்று கூப்பிட்டார்கள். அது வாத்தியார் என்பதன் செல்லச் சுருக்கம். பதினைந்து பேர் வரை இருந்த வகுப்பில் மற்ற எல்லோருக்கும் அது காலைநேரம். கையில் கோப்பிக் கோப்பையோடு இருப்பார்கள். எனக்குப் பின்னால் மின்குமிழைச் சுற்றி ஈசல் பறக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்களம் நான் முகாமில் படித்த மொழி. அதில் நான் முதலில் படித்த வசனங்கள் எல்லாமே யாரோ கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள். ஆங்கிலம் சோதனைக்காகவும் வேலைக்காகவும் படித்தது. ஸ்பானிஷை மட்டும்தான் யாரும் என்னிடம் கேட்கவில்லை. பிழைவிட்டால் யாரும் என்னை ஒரு பக்கமாக நிற்கச் சொல்ல மாட்டார்கள். அந்த விடுதலையை நான் உடம்பால் உணர்ந்தேன். ஆகவேதான் மூன்றாம் வாரத்தில் ‘குடும்பம்’ என்ற பாடம் வந்தபோது நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

நான்கு கேள்விகள்

திரையில் நான்கு கேள்விகள் இருந்தன. அவருடைய பெயர் என்ன? அவருக்கு எத்தனை வயது? அவர் எங்கே வாழ்கிறார்? அவர் என்ன செய்கிறார்? யாராவது தனக்கு ஒரு சகோதரன் என்றோ சகோதரி என்றோ சொன்னால், ப்ரோஃபே இந்த நான்கையும் வரிசையாகக் கேட்பார். தொடக்கநிலை மாணவருக்கு மிக இலகுவான பாடம் இது என்று எல்லா மொழி வகுப்புகளிலும் நினைக்கிறார்கள். நானும் என் ரியூசன் பிள்ளைகளிடம் இதே பாடத்தை இதே கேள்விகளோடு எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் ஏன் தலையைக் குனிந்துகொண்டு ‘அடுத்தது மிஸ்’ என்றார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அக்காவுக்கு என்னிடம் நான்கு பதில்களும் இருந்தன. அண்ணாவுக்கு இருந்தது ஒன்றுதான், பெயர்.

அண்ணாவை நாங்கள் கடைசியாகப் பார்த்தது 2009 வைகாசியில், யுத்தம் முடிகிற நாட்களில், வட்டுவாகல் பாலம் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த பிறகு. பெயர் பதிய வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கு அப்போது 19 வயது, எனக்கு 14. போகும்போது தண்ணீர்ப் போத்தலை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இதற்கு மேல் விவரிக்க மாட்டேன். இதை வாசிக்கிற பலருக்கு இந்தக் கதை வேறு பெயர்களோடு தெரிந்ததுதான்.

தமிழில் ‘எனக்கு ஒரு அண்ணா’ என்று சொல்லி நிறுத்தலாம். வினைச்சொல் தேவையில்லை. இருக்கிறாரா, இருந்தாரா என்று நான் முடிவு செய்யத் தேவையில்லை. மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள். பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். ஸ்பானிஷில் அது முடியாது. ‘தெங்கோ’ என்று தொடங்கினால் எனக்கு இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். இருந்தார் என்று சொல்ல ‘தெனீயா’ என்று ஒரு சொல் உண்டாம், அது ஆறாம் வாரம்தான் வரும். மூன்றாம் வாரத்தில் எங்களிடம் இருந்தது நிகழ்காலம் மட்டும். போன காலத்துக்குத் தமிழ் இலக்கணம் வைத்திருக்கும் பெயரோ இறந்தகாலம். நிகழ்காலத்தில் சொன்னால் நான்கு கேள்விகள் வரும், இறந்தகாலத்தை என் வாயால் சொல்லவும் மாட்டேன். ப்ரோஃபே என் பெயரைக் கூப்பிட்டபோது, இந்த எல்லாவற்றையும் ஒரு விநாடியில் யோசித்து, ‘தெங்கோ உனா எர்மானா’ என்றேன். அக்காவைப் பற்றிய நான்கு பதில்களும் பிழையில்லாமல் வந்தன.

அடுத்த நாள் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “இஞ்ச எந்தப் படிவம் நிரப்பினாலும் நான் ரெண்டு எண்டுதான் எழுதுறனான்.”

‘போர்’ தேவையில்லை

ஐந்தாம் வாரம் ஒரு புதன்கிழமை. பாடம் ‘ஆ’ என்ற ஒரேயொரு எழுத்து. ஸ்பானிஷில் ‘தேடுகிறேன்’ என்பதற்கு ‘புஸ்கோ’. தொலைபேசியைத் தேடினால் ‘புஸ்கோ மி தெலேஃபோனோ’. மகளைத் தேடினால் ‘புஸ்கோ ஆ மி இஹா’. செயப்படுபொருள் ஒரு குறிப்பிட்ட ஆளாக இருந்தால் அதற்கு முன்னால் இந்த ‘ஆ’ வர வேண்டும். எங்கள் புத்தகம் இதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் இப்படி ஒன்று இல்லாதபடியால், இதை ஒரு விசித்திரம்போல, மனப்பாடம் செய்தே தீர வேண்டிய விதிவிலக்குப்போல விளக்கியிருந்தார்கள். நானும் அப்படியே விசித்திரமாக எடுத்துக்கொண்டு, சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

ஒவ்வொருவரும் ‘புஸ்கோ’ வைத்து ஒரு வசனம் சொல்ல வேண்டும். ஒருவர் சாவியைத் தேடினார். ஒரு பெண் தன் நாயைத் தேடினாள். நாயும் வீட்டு ஆள்தான், அதற்கும் ‘ஆ’ போடலாம் என்றார் ப்ரோஃபே. அடுத்தது நான். நான் ஒன்றும் திட்டமிடவில்லை. இரண்டு வாரமாக உள்ளே கிடந்தது தானாக வந்தது.

“புஸ்கோ போர் மி எர்மானோ.”

ஆங்கிலத்தில் தேடுவது ‘ஃபோர்’ போட்டுத் தேடுவது. அதை அப்படியே ஸ்பானிஷுக்குள் கொண்டுவந்திருந்தேன். ஆங்கிலம் வழியாக வருகிற எல்லோரும் விடுகிற பிழை அது. ப்ரோஃபே சிரித்த முகத்தோடு திருத்தினார்: “சின் போர்.” போர் இல்லாமல். ‘போர்’ தேவையில்லை, ‘ஆ’தான் வேண்டும். அந்தச் சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் திருத்திச் சொன்னேன். “புஸ்கோ ஆ மி எர்மானோ.”

எல்லோரிடமும் கேட்டதுபோல என்னிடமும் ஒரு துணைக்கேள்வி கேட்டார்: “இ தோந்தே எஸ்தா து எர்மானோ?” உன் சகோதரன் எங்கே இருக்கிறான்? சாவியைத் தேடியவர் ‘குசினியில்’ என்று சொல்லியிருந்தார். நாய் கட்டிலுக்குக் கீழே இருந்தது. நான் “நோ சே” என்றேன். தெரியாது.

“மூய் பியேன்” என்றார். மிக நன்று. வசனம் சரியாக இருந்தது, அதற்குத்தான் சொன்னார். அடுத்தவரிடம் போய்விட்டார்.

அந்த ‘மூய் பியேன்’ எனக்குள் என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடமாக எத்தனை மேசைகளுக்கு முன்னால் அம்மாவோடு போய் இருந்திருப்பேன். மகன் எங்கே என்ற கேள்விக்கு அம்மா ‘தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேணும்’ என்பார். எதிரில் இருப்பவர் பேனையை மூடி வைப்பார். தெரியாது என்ற பதிலைச் சரியான பதிலாக ஒருவர் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான், அதுவும் விஷயம் தெரியாமல், இலக்கணம் சரி என்பதற்காக.

இடைவேளை பத்து நிமிடம். மற்றவர்கள் கமராவை நிறுத்திவிட்டு எழும்பிப் போனார்கள். ப்ரோஃபே திரையில் இருந்தார். நான் மைக்கைப் போட்டு ஆங்கிலத்தில் சொன்னேன், நாலைந்து வசனம்தான். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, அழவும் இல்லை. அது எனக்குப் பிடித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு சாட் பெட்டியில் இரண்டு வசனங்களைத் தட்டெழுதினார். முதலாவது, ‘மி எர்மானோ தெசாபரேசியோ’. இரண்டாவது, ‘ஆ மி எர்மானோ லோ தெசாபரேசியெரோன்’. இரண்டாவதில் இன்று படித்த ‘ஆ’ முன்னாலேயே வந்து நிற்கிறது, பார் என்றார்.

விளக்கத்தை முடிக்க அவரை நான் விடவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. முதலாவது, காணாமல் போனான். இரண்டாவது, காணாமல் ஆக்கினார்கள்.

தன்வினை, பிறவினை

தமிழில் இந்த மாற்றம் எங்கள் கண்முன்னே நடந்தது. எனக்கு நினைவு தெரிந்து எல்லோரும் ‘காணாமல் போனோர்’ என்றுதான் எழுதினார்கள். அம்மாமார்தான் அதை மாற்றினார்கள். “போகேல்லை தம்பி, ஆக்கப்பட்டவை எண்டு எழுதுங்கோ” என்று அம்மா ஒரு பத்திரிகைக்காரப் பொடியனிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 மாசி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டக் கொட்டகையில்தான் அது நடந்தது. நான் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் போராட்டம் 2,700 நாட்களைக் கடந்திருந்தது. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று இன்றைக்கு எல்லோரும் எழுதுகிறார்கள். ஸ்பானிஷில் இதற்கு ‘தெசாபரிசியோன் ஃபோர்சாதா’. ‘ஃபோர்சாதா’ என்பதுதான் அந்த ‘வலிந்து’.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று படித்தபோது உதாரணமெல்லாம் ‘திருந்தினான், திருத்தினான்’ என்று இருக்கும். ஒரு வினையைத் தன்வினையிலிருந்து பிறவினைக்கு நகர்த்துவதற்காகத் தாய்மார் தெருவில் இருக்க வேண்டி வரும் என்று எந்த இலக்கண வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ‘தெசாபரேசெர்’ ஸ்பானிஷிலும் பொதுவாகச் செயப்படுபொருள் கேட்காத வினை. மறைவது, தானாக நடப்பது. அந்த வினைக்கு ஒரு செயப்படுபொருளை வைத்து, ஆகவே ஒரு செய்தவனையும் வைத்து, அந்த மொழி பேசுகிற மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஆர்ஜென்டினாவில் 1977 சித்திரை 30ஆம் திகதி 14 தாய்மார் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். பிறகு வியாழக்கிழமை தோறும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு சுற்றி நடந்தார்கள். முதன்முதலாகக் கட்டிய துணிகள் குழந்தைக்குக் கட்டுகிற அணையாடைகள். அந்த வருடம் முடிவதற்குள் அவர்களில் மூன்று தாய்மாரையே காணாமல் ஆக்கினார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் நாளாக ஆவணி 30ஐ நாங்களும் அனுஷ்டிக்கிறோமே, அந்த நாளின் வேரும் இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களிடம்தான் இருக்கிறது. 1981இல் கொஸ்தா ரிக்காவில் அவர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஏ ஒன்பது வீதியில் நான் எத்தனையோ ஆவணி 30களில் பதாகை பிடித்து நடந்திருக்கிறேன். அது ஸ்பானிஷ் பேசுகிறவர்களிடமிருந்து வந்த நாள் என்று தெரியாமல்தான் நடந்தேன்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ‘கூட்டிக்கொண்டு போனார்கள்’ என்று மேலே எழுதினேன். யார் என்று நான் எழுதவில்லை. தமிழில் எழுவாய் இல்லாமல் வினைமுற்று நிற்கும், ஸ்பானிஷிலும் நிற்கும். ‘லோ தெசாபரேசியெரோன்’ என்பதிலும் ஆள் இல்லை, பன்மை விகுதி மட்டும் இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஆளை மட்டும் சொல்லாமல் விட இரண்டு மொழியிலும் இடம் இருக்கிறது. பயத்தில் வாழ்ந்த சனத்துக்கு இந்த விகுதி எவ்வளவு உதவியிருக்கும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. புதிதாக ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, ஐந்து வாரப் பாடத்தையும் தமிழில் எழுதத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் அந்த ‘ஆ’. ‘மாப்பிள்ளை தேடுகிறோம்’ என்றால் யாரோ ஒருவர், இன்னும் ஆள் தெரியாது. ‘மாப்பிள்ளையைத் தேடுகிறோம்’ என்றால் இன்னார் என்று தெரியும், அவரைத்தான் காணவில்லை. ஒரு ‘ஐ’ உருபு அவ்வளவையும் சொல்லிவிடுகிறது. ஸ்பானிஷிலும் இதே கணக்குத்தான். கணவன் ஒருவன் வேண்டும் என்று தேடுகிற பெண் ‘புஸ்கோ மரீதோ’ என்பாள், ‘ஆ’ வராது. தன் கணவனைத் தேடுகிறவள் ‘புஸ்கோ ஆ மி மரீதோ’ என்பாள். புத்தகம் ஒன்றரைப் பக்கத்தில் விசித்திரமாக விளக்கியது எங்கள் ஆறாம் வகுப்பு இரண்டாம் வேற்றுமை. எனக்குத் தெரிந்த விஷயத்தை, தெரியாத விஷயம்போல, மூன்றாவது ஒரு மொழிக்குள்ளால் சுற்றிக் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். நானும் வாங்கி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

பிறகு எழுத எழுத ஒவ்வொன்றாக வந்தது. ‘மே குஸ்தா எல் மாங்கோ’ என்பதை இரண்டாம் வாரம் முழுக்கப் பிழையாகச் சொன்னேன். ஆங்கிலத்தில் ‘நான்’ விரும்புகிறேன் அல்லவா, அதனால் ‘யோ குஸ்தோ’ என்றேன். அதுவோ அச்சொட்டாக ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’. ‘மே துவேலே லா கபேசா’, எனக்குத் தலை வலிக்கிறது. நான்காம் வேற்றுமை, அவ்வளவுதான். ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா’ என்று வினையின் வாலில் ஆள் ஒட்டியிருப்பது பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள் என்று நாம் அன்றாடம் செய்வது. மற்றவர்கள் நாக்கைச் சுழற்றிக் கஷ்டப்பட்ட அந்த ‘எஞ்ஞே’ எழுத்து நம்முடைய ஞ. அஞ்ஞானம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு ‘மஞ்ஞானா’ சொல்ல வரும், நாளைக்கு என்று அர்த்தம். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய். மரம் மறம் என்று தமிழ் வாத்தியார் அழுத்திச் சொல்லித் தந்ததை நினைத்துக்கொண்டேன். எல்லாம் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை அவர்கள் என்னிடம் பசி இருக்கிறது என்பார்கள். அஃறிணைக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் வைத்திருக்கிறார்கள், மேசை பெண். களைத்துவிட்டேன் என்று நான் சொன்னால்கூட, சொல்வது பெண் என்று தெரிய ‘கன்சாதா’ என்று முடிக்க வேண்டும். அவற்றைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் எது உண்மையில் புதிது, எது ஏற்கனவே வீட்டில் கிடப்பது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஆங்கிலம் படிப்பிக்கிறவள் நான். வெளிமொழி எதையும் ஆங்கிலத்தில் ஏறி நின்றுதான் எட்டிப்பிடிக்கலாம் என்று நம்பியிருந்தேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது பிழை என்று இப்போது நினைக்கிறேன்.

‘இருத்தல்’ பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்பானிஷில் அதற்கு இரண்டு வினைகள், ‘செர்’, ‘எஸ்தார்’. ‘நான் ஆசிரியர்’ என்பதற்கு செர். தமிழில் அங்கே வினையே வராது. ‘வீட்டில் இருக்கிறேன்’, ‘களைப்பாக இருக்கிறேன்’ என்பதற்கு எஸ்தார். அதுதான் நம் ‘இரு’. உயரமாக இருக்கிறார் என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் செர் போடுவார்கள், ஆகவே முழுக்கப் பொருந்தாது. புத்தகத்தில் இருந்த சூத்திரம், நிரந்தரமானதுக்கு செர், தற்காலிகமானதுக்கு எஸ்தார். அப்படியென்றால் இறந்துவிட்டார் என்பதற்கு ஏன் ‘எஸ்தா முவேர்த்தோ’, சாவு தற்காலிகமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ப்ரோஃபே, அந்தச் சூத்திரத்தை மறந்துவிடுங்கள், ஒருவர் வந்து சேர்ந்திருக்கிற நிலையைச் சொல்வது எஸ்தார் என்றார். உயிரோடு இருக்கிறார் என்றாலும் ‘எஸ்தா’, இறந்துவிட்டார் என்றாலும் ‘எஸ்தா’, எங்கே இருக்கிறார் என்று கேட்டாலும் ‘எஸ்தா’. அண்ணாவைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வினை கிடைத்தது.

மெக்சிக்கோவிலும் தேடுகிற தாய்மார் இருக்கிறார்கள், ‘புஸ்காதோராஸ்’ என்று அவர்களுக்குப் பெயர் என்று ப்ரோஃபே பிறகொரு நாள் சொன்னார். ‘புஸ்கோ’ என்ற அதே வினையிலிருந்து வந்த சொல், தேடுகிறவர்கள். அந்த நாட்டு அரச பதிவேட்டிலேயே காணாமல் ஆக்கப்பட்டோரின் தொகை 2022 வைகாசியில் 1,00,000ஐத் தாண்டியது. கீழே உடல் புதைந்திருக்கிறதா என்று அறிய, இரும்புக் கம்பியை நிலத்தில் இறக்கி, வெளியே இழுத்து, நுனியை மணந்து பார்ப்பார்களாம். இதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார், கை நின்றது. அந்த ஆடியில்தான் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழியில் மூன்றாம் கட்டமாகத் தோண்டினார்கள். ஒரு வருடத்துக்கு முன் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளியே வந்த குழி. அம்மாவோடு கொட்டகையில் இருக்கிற சிலர் போய்ப் பார்த்தார்கள். அம்மா போகவில்லை. “நான் இருக்கிற பிள்ளையைத்தானே தேடுறன்” என்றார். அப்புறம் கேட்டார்: “அந்தத் தாய்மாரும் என்னைப்போல கிழவியளோ?”

கட்டுரை

எட்டாம் வாரம் கடைசி வேலை, ‘மி ஃபமிலியா’ என்று 150 சொல்லில் ஒரு கட்டுரை எழுதி, அதை வகுப்பில் வாசிக்க வேண்டும். குசினி மேசையில் வைத்து எழுதினேன். அம்மா எதிரில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’ என்று தொடங்கினேன். எழுதும்போது வாய்விட்டுச் சொல்வது என் பழக்கம். திருவலையின் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. ‘தோஸ்’ என்றால் என்ன என்று அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவின் நான்கு பதில்களையும் எழுதினேன். அண்ணாவின் பெயரை எழுதினேன். எங்கே வாழ்கிறார் என்ற இடத்தில் ‘நோ சே தோந்தே எஸ்தா’ என்று எழுதி, ‘லோ புஸ்காமோஸ்’ என்று சேர்த்தேன், அவரைத் தேடுகிறோம். என்ன செய்கிறார் என்ற கேள்வியை விட்டுவிட்டேன், ப்ரோஃபே விளங்கிக்கொள்வார். மிச்சம் இருந்தது வயது. அதில்தான் பேனை நின்றது. என் மனத்தில் இருக்கிற அண்ணாவுக்கு 19தான். தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிற அந்தக் கைக்கு 19 வயதுதான். எனக்கு 29. ஸ்பானிஷில் அண்ணா என்று ஒரு சொல் கிடையாது, ‘எர்மானோ மயோர்’ என்று எழுத வேண்டும், என்னிலும் பெரியவர் என்று. பெரியவர் என்று எழுதிவிட்டுப் பத்தொன்பது என்று எழுத முடியுமா?

“அம்மா, அண்ணாவுக்கு எத்தினை வயசு?”

அம்மா யோசிக்கவில்லை, விரல் மடிக்கவில்லை. தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

“முப்பத்திநாலு. வாற தைக்கு முப்பத்தஞ்சு.”

‘த்ரெய்ந்தா இ குவாத்ரோ’ என்று எழுதினேன்.